கழுவாத கண்ணாடிக் குழாய்

என் மேசையில், பேனாக்கள் நிற்கும் குவளைக்கும் கணினிக்கும் நடுவில், ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. நடுவிரல் நீளம்தான். சின்ன மரக்கட்டை ஒன்றில் துளை போட்டு அதில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதன் மேல் பல வருடத்துத் தூசி படிந்திருக்கிறது. மதுரையில் தூசிக்குப் பஞ்சமில்லை என்பதால் குழாய் இப்போது பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டது. வீட்டில் வேலை செய்யும் அக்கா மூன்று தடவை அதைக் கழுவுவதற்கு எடுத்துப் போயிருக்கிறார். மூன்று தடவையும் நான் சமையலறை வரை ஓடிப்போய் அதைப் பிடுங்கி வந்தேன். "ஒரு டாக்டரம்மா வீட்டுல இப்படியா அழுக்கா ஒரு சாமான வச்சிருப்பாங்க? வாரவுக என்னையத்தானே பேசுவாக" என்று அவர் இன்றைக்கும் முனகிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தக் குழாயைக் கழுவாமல் என்னிடம் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவரும் அதைத் தொடமாட்டார்.

அவரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றுதான் அழைத்தார்கள். திருச்சி நெடுஞ்சாலையில், கொட்டாம்பட்டியைச் சுற்றிய கிராமங்களுக்கு நடுவே இருந்த சிறிய அரசு ஆஸ்பத்திரி அது. நான் அங்கே மருத்துவராகப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்தன. தினமும் காலையில் மதுரை சிம்மக்கல்லிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கையில் ஒரு சாப்பாட்டுப் பை, இன்னொரு பையில் சோப்புப் பவுடர். ஆஸ்பத்திரிக்கு வரும் பவுடர் நுரைக்காது என்பது அவருடைய நெடுநாள் குறை. அதனால் சிம்மக்கல் மொத்தக்கடையில் எலுமிச்சை வாசனை போட்ட பவுடரைத் தானே வாங்கி வருவார். அவர் உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடத்தில் கட்டிடம் முழுக்க எலுமிச்சை வாசனை வீசும். அந்த ஆஸ்பத்திரியில் அவர் கழுவாமல் விட்டது மின்விசிறியின் காற்றை மட்டும்தான் என்று மருந்தாளுநர் சொல்வார். நான் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போன மைப்பேனாவைக்கூட ஒரு நாள் கழுவி வைத்திருந்தார். அதன் பிறகு அது எழுதவே இல்லை.

எங்கள் பக்கத்தில் பாம்புக்கடி அதிகம். வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர்களும், கடலைச் செடியைக் குனிந்து பிடுங்குகிறவர்களும், வைக்கோலுக்குள் கையை விடுகிறவர்களும்தான் கடிபட்டு வருவார்கள். உலகத்தின் பெரிய மருத்துவ அரங்குகள் இந்த நோயை வெகுகாலம் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். அரங்குகளில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாம்பு கடிப்பதில்லை. கடிபட்டவரைத் தூக்கி வருகிறவர்கள் கூடவே பாம்பையும் கொண்டுவருவார்கள். என்ன பாம்பு என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? சாக்கில் வரும், பெயின்ட் வாளியில் வரும், ஒரு தடவை கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வந்தது. அந்த நேரங்களில் எனக்கு நோயாளிமேல் கண் இருக்கும்; பெரிய சிஸ்டருக்கு இரண்டு கண்ணும் தரைமேல் இருக்கும்.

"பாம்ப வெளிய வைங்கப்பா. இப்பத்தான் தரை தொடச்சிருக்கு."

"செத்த பாம்புதான் சிஸ்டர்."

"செத்ததுன்னா மண்ணு ஒட்டாதா? வெளிய வைங்கன்னா வைங்க."

கடிபட்ட எல்லாருக்கும் விஷம் ஏறுவதில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப்பாம்பே கடித்தாலும் விஷத்தை இறக்காமல் போயிருக்கலாம். யாருக்கு விஷம் ஏறியிருக்கிறது என்று சீக்கிரம் தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்தை வீணாக்காமல் கொடுக்க முடியும். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் கடித்தால் ரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கெட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறிவிட்டது. இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். நான் மதுரையில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய் இதைக் கற்றுக்கொண்டு, கையில் ஒரு சுற்றறிக்கையோடு பெரிய உற்சாகத்தில் திரும்பி வந்தேன். 'புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய்' என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் தாளில் நிறையப் பசை தடவி, சிகிச்சை அறைச் சுவரில் நானே ஒட்டினேன். பிறகு பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டு, வாழ்நாளில் நான் சொன்ன மிகத் தேவையற்ற வாக்கியத்தைச் சொன்னேன். "சிஸ்டர், டியூப் ரொம்பச் சுத்தமா இருக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு டாக்டர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததே என்ற மகிழ்ச்சி அது. மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்த பழைய குழாய்களுக்குப் புது வாழ்வு வந்தது. ஊறவைத்து, பவுடர் போட்டு, மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்து, அலசி, வெயிலில் வெள்ளைத் துணிமேல் வரிசையாகக் காயப்போட்டு எடுத்தால் கண் கூசும். பயிற்சியோடு ஒரு பெட்டி புதுக் குழாயும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அது பீரோவுக்குள் போய்விட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் புதுசு எதுவும் நேராகப் பீரோவுக்குத்தான் போகும். உறை பிரிக்காத போர்வைகள், காகிதம் சுற்றிய ரத்த அழுத்தக் கருவி எல்லாம் அங்கே இருந்தன. அதிகாரி ஆய்வுக்கு வரும் அன்று காலையில் அவை வெளியே வரும், சாயங்காலம் திரும்ப உள்ளே போகும். 'புதிய, சுத்தமான, உலர்ந்த' என்ற மூன்றில் இரண்டை நாங்கள் நிறைவேற்றிவிட்டோம். முதலாவது வார்த்தை அதிகாரிக்கானது என்று எல்லாரும் ஒருமனதாக எடுத்துக்கொண்டோம்.

அந்தச் சோதனையில் கஷ்டமான பகுதி இருபது நிமிடம் சும்மா இருப்பதுதான். ரத்தம் நிறைந்த குழாய் ஒன்று ஜன்னலோரம் இருந்தால் நம் ஊரில் யாராலும் அதைத் தொடாமல் இருக்க முடியாது. மாமன் வந்து லேசாகச் சாய்த்துப் பார்ப்பார், மச்சினன் வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், "ஒருதரம் கலக்கி விடட்டுமா?" என்று கேட்ட பெரியவரும் உண்டு. அதனால் பெரிய சிஸ்டர் ஒரு ஸ்டூலைப் போட்டுக் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். மணிக்கட்டின் உட்பக்கம் கட்டிய கைக்கடிகாரத்தில் கண். இருபது நிமிடம் முடிந்ததும் எழுந்து, இரண்டு விரலால் குழாயை எடுத்து, ஒரே முறை சாய்ப்பார். ரத்தம் ஓடும். "ஓடுது மேடம்" என்பார்.

எல்லாருக்கும் ஓடியது. வீங்கிய காலோடு வந்தவருக்கு ஓடியது, கீறல்கூட இல்லாமல் வந்தவருக்கும் ஓடியது. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பெருமைப்பட்டேன். கொட்டாம்பட்டி வட்டாரத்து விரியனின் விஷத்துக்கு ஏதோ தனிக்குணம் இருக்கிறது, அதை உலகுக்குச் சொல்லப் போகிறவள் நான்தான் என்று எனக்குப் பட்டது. ஒரு நோட்டில் கட்டுரைக்குத் தலைப்புகூட எழுதிவிட்டேன். பாம்புக்கடிக்காக நாடு நாடாகப் போய் வேலை செய்யும் ஒரு குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்களும் சும்மா இல்லாமல் ஒருவரை அனுப்பினார்கள். நெட்டையான வெள்ளைக்காரர், கூட மொழிபெயர்க்க ஒருவர். அவர் என் கணக்குகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு வெயிலில் காய்ந்துகொண்டிருந்த குழாய்களைப் பார்த்து அசந்து நின்றுவிட்டார். இவ்வளவு சுத்தமான கண்ணாடியை எந்த நாட்டுக் கிராம ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை என்றார். பெரிய சிஸ்டரைக் குழாய்களோடு நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பெரிய சிஸ்டர் படத்துக்காகப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

அதற்கடுத்த மாதம் கடலை பறிக்கும் காலம். ஒரு நாள் மதியம், புறநோயாளிகள் எல்லாரும் போய்விட்ட நேரம், ஒரு ஜீப் உள்ளே வந்து நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள், ஒருவரை இறக்கினார்கள். பக்கத்து ஊரின் முன்னாள் ஊராட்சித் தலைவருடைய மச்சினர் அவர். மோட்டார் ரூமில் சுவிட்ச் போடப் போன இடத்தில் காலில் ஏதோ கடித்துவிட்டது. வியர்த்துக் கொட்டியது, இரண்டு தடவை வாந்தி எடுத்தார், கண் செருகியது. "மாப்ள, கண்ணத் தொற மாப்ள! ஏய், டாக்டரம்மா வந்துட்டாங்கடா!" என்று மீசைக்காரர் ஒருவர் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடித்ததை யாரும் பார்க்கவில்லை. தேடிப் பிடிக்க இரண்டு பேர் அங்கேயே நிற்கிறார்களாம்.

அவரைப் படுக்க வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு மொபெட் வந்தது. ஓட்டி வந்தவரும் பின்னால் இருந்தவரும் பெண்கள். இரண்டு பேர் கையிலும் கடலைக் கொல்லையின் மண். பின்னால் இருந்தவர் தானே இறங்கி, நொண்டிக்கொண்டே வந்து, பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தார். "முள்ளு குத்துன மாதிரிதான் இருந்துச்சு டாக்டரம்மா. இவதான் வா வான்னு இழுத்துட்டு வந்தா. ஒண்ணுமில்லன்னா சொல்லுங்க, நான் போறேன். வேல பாதியில கெடக்கு." கணுக்காலுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. வீக்கம் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மீசைக்காரர் முன்னால் வந்தார். "டாக்டரம்மா, நானும் அதே மோட்டார் ரூம்லதான் நின்னேன். எனக்கும் கால் ஒருமாதிரியா வருது. எனக்கும் பாத்துருங்களேன்." அவர் காலில் கொசு கடித்த தடம்கூட இல்லை. அவர் வாயை அடைப்பதற்காகப் பெரிய சிஸ்டர் அவரிடமும் ரத்தம் எடுத்தார். மூன்று குழாய்களும் ஜன்னலோரம் பளபளவென்று நின்றன. பெரிய சிஸ்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அந்த இருபது நிமிடத்தில் நான் மருந்துப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். பத்துக் குப்பிகள். ஒருவருக்கு முதலில் ஏற்ற வேண்டிய அளவு அவ்வளவுதான். எல்லாருக்கும் ரத்தம் ஓடிய அந்த ஊரில் இருப்பு கரைந்துபோயிருந்தது. புது இருப்பு மறுநாள்தான் வரும். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தது.

இருபது நிமிடம் ஆனது. பெரிய சிஸ்டர் முதல் குழாயைச் சாய்த்தார், ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவதும் ஓடியது. "அப்ப எனக்குமா?" என்று கேட்ட மீசைக்காரர் பதிலுக்குக் காத்திருக்காமல் சுவரோடு சரிந்து தரையில் படுத்துவிட்டார்.

பத்துக் குப்பி, மூன்று பேர். ஜீப் இருந்தது, ஒருவருக்கு இங்கே மருந்து ஏற்றிவிட்டு மற்றவரை மதுரைக்கு அனுப்பலாம். ஆனால் உண்மையிலேயே விஷம் ஏறியவரை மருந்தில்லாமல் அவ்வளவு தூரம் அனுப்பினால் வழியிலேயே ரத்தம் கசியத் தொடங்கிவிடும். யாரை அனுப்புவது? ஜீப்பில் வந்தவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. "எங்க ஆளு மொதல்ல வந்தாரு. அவருக்குப் போடுங்க. அந்தப் பிள்ளைய நம்ம வண்டியிலயே அனுப்பிவைப்போம்" என்றார்கள். தாராள மனசோடுதான் சொன்னார்கள். பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் யாருக்கு என்ற கேள்வியில் தன் பெயரும் இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

கடிபடாத ஆளின் ரத்தமும் ஓடுகிறதே என்ற ஒரே ஒரு நூல்தான் என் கையில் இருந்தது. மதுரையில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குப் போன் போட்டேன். நான் படபடவென்று சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார். டியூபை எதில் கழுவுகிறீர்கள்? நான் போனைக் காதில் வைத்தபடியே பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். அந்தக் கேள்விக்காக அவர் முப்பது வருடமாகக் காத்திருந்தார்.

"சோப்புப் பவுடர்ல ராத்திரி பூரா ஊறவச்சு, பிரஷ் விட்டுத் தேச்சு, மூணு தண்ணி அலசுறேன் மேடம். நம்ம ஆஸ்பத்திரி பவுடர் இல்ல, நானே வாங்குறது, நல்லா நுரைக்கும். அவர்ட்டயும் சொல்லுங்க."

சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. போன் வழியாகவே அவருக்குக் கேட்டிருந்தது. ரத்தம் உறைவதற்குக் கண்ணாடியின் வெறும் மேற்பரப்பு வேண்டும். சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாமல் ஓடும் என்று பேராசிரியர் நிதானமாகச் சொன்னார். நான் அதை வாய்விட்டுத் திரும்பச் சொன்னேனா இல்லையா என்பது நினைவில்லை. பெரிய சிஸ்டரின் முகம் மட்டும் நினைவிருக்கிறது. ஒரு கணம்தான். அடுத்த கணம் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவர் பீரோவை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். போர்வைகள் ஒரு பக்கம் விழுந்தன, ரத்த அழுத்தக் கருவி ஒரு பக்கம் உருண்டது. பெட்டியின் ஒட்டுத்தாளைப் பல்லால் கிழித்து, புதுக் குழாய்களை அள்ளிக்கொண்டு வந்தவர், நேராகக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்தார்.

"சிஸ்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் மீசைக்காரருக்கு மயக்கம் தெளிந்தது.

பெரிய சிஸ்டர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். பிறகு தண்ணீரை மூடிவிட்டு வந்தார். மூன்று பேரிடமும் திரும்ப ரத்தம் எடுத்தோம். நான்காவதாக அவர் தன் கையை நீட்டினார். "எனக்கும் எடுங்க மேடம். என்னைய எந்தப் பாம்பும் கடிக்கல. இந்த டியூபு நெசஞ் சொல்லுதான்னு என் ரத்தத்துல தெரிஞ்சிரும்."

அந்த இரண்டாவது இருபது நிமிடம்தான் என் தொழில் வாழ்க்கையிலேயே நீளமானது. மருந்து பொடியாகத்தான் இருக்கும். திரவம் கலந்து மெதுவாகக் கரைக்க வேண்டும், குலுக்கக்கூடாது. பெரிய சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண் குழாய்களின் மேல் இருக்க, ஒவ்வொரு குப்பியாக உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். யாருக்கு என்று தெரிந்த நொடியில் மருந்து தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஜீப்பில் வந்தவர்கள் அவர் தலைக்கு மேல் சத்தம் போட்டார்கள். மேலிடத்துக்குப் பேசுவோம் என்றார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கோ பெஞ்சில் இருந்தவரின் கால்மேலேயே கண். கணுக்கால் மெல்ல மெல்ல வீங்கிக்கொண்டிருந்தது.

பெரிய சிஸ்டரின் ரத்தம் கெட்டியாக நின்றது. மீசைக்காரருடையது நின்றது. ஜீப்பில் வந்தவருடையதும் அப்படியே நின்றது. மிச்சமிருந்த, பெஞ்சில் இருந்தவருடைய குழாயை நான் சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. பெரிய சிஸ்டர் ஏற்கனவே குப்பிகளோடு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். கட்டிலில் படுக்க வைத்தபோது அந்தப் பெண் கேட்டார்: "அவருக்குத்தானே மொதல்ல?"

"ஒனக்குத்தான் தாயி. பேசாம படு" என்றார் பெரிய சிஸ்டர். சுத்தமான பழைய குழாய்களை நம்பியிருந்தால் அந்தப் பெண்ணை நானே ஜீப்பில் ஏற்றிக் கையசைத்திருப்பேன்.

ஜீப்பில் வந்தவருக்கு விஷம் இல்லை என்று சொன்னதும் வாந்தி நின்றது, வியர்வை நின்றது, கோபம் வந்தது. தன் அந்தஸ்துக்கு விஷமில்லாத பாம்பா என்று அவர் கேட்காததுதான் குறை. "நல்லா பாத்தீங்களா? எம்புட்டு வலி தெரியுமா? ஒரு குளுக்கோஸாவது ஏத்தாம எப்படி அனுப்புவீங்க?" என்றார். பெரிய சிஸ்டர் ரணஜன்னி வராமல் இருக்க ஒரு டிடி ஊசி போட்டார். அதை முடிந்த அளவு வலிக்கும்படி போட்டார் என்பது என் சந்தேகம். அந்த நேரம் மோட்டார் ரூமில் நின்ற இரண்டு பேரும் பெயின்ட் வாளியோடு வந்து சேர்ந்தார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு தண்ணிப்பாம்பு. மீசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதுக்காடா வாந்தி எடுத்த?" என்றார். தான் மயங்கி விழுந்ததை அதற்குள் மறந்திருந்தார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ரத்தம் உறைந்தது. ஆனால் எங்கள் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் பெரிய சிஸ்டர் ஈரத்துணியும் பிளேடுமாக வந்து, சுவரில் நான் ஒட்டிய சுற்றறிக்கையை ஓரம் கிழியாமல் உரித்தெடுத்தார். இத்தனை பசையை உரித்தெடுக்க அவரால்தான் முடியும். பின்பக்கத்திலும் அச்சு இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயைப் பயன்படுத்தக்கூடாது என்ற வரி, நான் தடவிய பசைக்கு நடுவில், தெளிவாக இருந்தது. பயிற்சியிலிருந்து வந்த களிப்பில் நான் தாளைத் திருப்பியே பார்க்கவில்லை. அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். தப்பு என்னுடையது என்று நான் சொன்னேன். "நீங்க சுத்தமா இருக்கணும்னுதான் சொன்னீங்க மேடம். சோப்பு போடச் சொல்லலையே" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் எலுமிச்சை வாசனை இல்லை. தரையில் கால் தடம் விழுந்தால்கூட அவர் யாரையும் திட்டவில்லை. எல்லாருக்கும் என்னவோ போல இருந்தது.

தேவையில்லாமல் நாங்கள் மருந்து ஏற்றியவர்கள் சிலர் இருந்தார்கள். ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்து, குளிர் கண்டு நடுங்கியது, நல்லவேளை, சரியாகிவிட்டது. பெரிய சிஸ்டர் பதிவேட்டிலிருந்து அவர்கள் ஊர்களை எழுதிக்கொண்டு, தன் விடுமுறை நாட்களில் பஸ் ஏறி ஒவ்வொருவர் வீடாகப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். ஆனால் ஒரு நர்சம்மா பாம்பு கடித்தவரைத் தேடி வீட்டுக்கே வந்து நலம் விசாரித்ததை அந்த ஊர்கள் அதுவரை பார்த்ததில்லை. அவர் பேச்சைத் தொடங்குவதற்குள் காபி வந்தது, சாப்பாடு வந்தது. இவர் நடந்ததைச் சொல்ல, "அதனாலென்ன, மருந்துதானே ஏத்துனீங்க, வெஷமா ஏத்துனீங்க?" என்றார்களாம். மன்னிப்புக் கேட்கப் போனவர் ஒவ்வொரு தடவையும் கடலை மூட்டையோடு திரும்பி வந்தார். அந்தக் கடலையைக் கழுவி, வேகவைத்து எங்களுக்கெல்லாம் கொடுத்தார். கழுவத் தொடங்கிவிட்டார் என்பதில் எங்களுக்கு நிம்மதி.

நான் என் கட்டுரைத் தலைப்பை அடித்துவிட்டேன். அந்தக் குழுவுக்கு, எங்கள் ஊர்ப் பாம்புகள் எல்லா ஊர்ப் பாம்புகளையும் போலத்தான், எங்கள் சிஸ்டர்தான் எல்லா ஊர் சிஸ்டரையும் போல இல்லை என்று எழுதி, நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேலி செய்வார்கள் என்று பயந்தேன். நெட்டையானவர் நன்றி சொல்லி நீளமாகப் பதில் போட்டார். தான் போகிற ஆஸ்பத்திரிகளில் இனிமேல் முதல் கேள்வியே குழாயை எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதுதான் என்று எழுதியிருந்தார். பெரிய சிஸ்டரின் படத்தைத் தன் பாடங்களில் காட்ட அனுமதி கேட்டார். நான் தயங்கித் தயங்கிப் பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். "எப்படிச் செய்யக்கூடாதுங்கறதுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பூ வச்சிருக்கேனே, அது தெரியுதா படத்துல?" என்றார்.

எனக்கு மாற்றல் வந்தபோது எல்லாரும் சேர்ந்து ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள். பெரிய சிஸ்டர் மட்டும் பஞ்சு சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். அந்தப் புதுப் பெட்டியில் கடைசியாக மிஞ்சிய குழாய். பெட்டியின் அட்டைத் தூள்கூட அதில் ஒட்டியிருந்தது. "கழுவல மேடம்" என்றார். முப்பது வருடத்தில் அவர் கை வழியாகக் கழுவாமல் வெளியேறிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் இளம் மருத்துவர்களுக்கு இதே சோதனையைச் சொல்லித்தருகிறேன். புதுக் கருவிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு சொட்டு ரத்தத்தில் விடை சொல்லும் பட்டைகளைப் பற்றிக்கூடப் பேசுகிறார்கள். வரட்டும். நான் வகுப்புக்குப் போகும்போது அந்த அழுக்குக் குழாயையும் எடுத்துப் போய் மேசைமேல் வைத்து, சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்றுதான் தொடங்குவேன்.

போன மாதம் பெரிய சிஸ்டர் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். முடி நன்றாக நரைத்துவிட்டது. கைக்கடிகாரம் இன்னும் மணிக்கட்டின் உட்பக்கம்தான். அன்றைக்கு விரியன் கடித்துப் பிழைத்த பெண்ணைப் பரவை மார்க்கெட்டில் பார்த்ததாகச் சொன்னார். இப்போது காய்கறி வண்டியோடு வருகிறாராம். இவரைக் கண்டதும் ஓடிவந்து ஒரு பை நிறையக் கத்தரிக்காய் போட்டுக் கொடுத்தாராம். பேசிக்கொண்டே இருந்தவரின் கண் மேசைமேல் போனது. பேச்சு நின்றது. குழாயைக் கண்டுகொண்டார். அதன் மேலிருந்த தூசியையும் கண்டுகொண்டார். அவருடைய வலது கை தானாக எழுந்து முந்தானையைப் பிடித்து, குழாயை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. அங்கே அது நின்றது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தன் மடியில் இறக்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்தார்.

"நான் வாரேன் மேடம்" என்றார். "இன்னும் அஞ்சு நிமிசம் இங்கன உக்காந்தேன்னா கழுவிப்புடுவேன்."